குறை சில்லில், பொறுப்பு எம் தலையில்

இலண்டனின் கிழக்குப் பகுதியில் எம்மவர்கள் நடத்திவரும் சிறு சமூக நிலையமொன்றின் பின்னறையில், பழைய மடிக்கணனி ஒன்று பல ஆண்டுகளாக மேசையில் கிடக்கின்றது. எங்கோ ஓர் அலுவலகம் கழித்துவிட்டதை அன்பர் ஒருவர் வாங்கி அன்பளிப்புச் செய்தது. அதற்குள் இருப்பவை சாதாரணக் கடிதங்கள் அல்ல. புகலிடம் கோரியோர் வாய்விட்டுச் சொல்ல, அருகிருந்து எவரோ தட்டெழுதிய வாக்குமூலங்கள். உடலிலுள்ள தழும்புகளை அளந்து மருத்துவர்கள் எழுதிய அறிக்கைகள். ஊரில் இன்னமும் வாழ்ந்துகொண்டிருக்கும் தாய் தந்தையரின் முகவரிகள். அண்மையில் அதனைப் பார்வையிட வந்த, கணனித் துறையில் பணிபுரியும் இளைஞர் ஒருவர், அதனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, இதுக்கு இனித் திருத்தம் வராது. சில்லுச் செய்தவையே கைவிட்டிட்டினம்" என்றார். நிலையத்தைக் கவனித்துவரும் முதியவர், ஒரு காலத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதியவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே கேட்டார்: "அவை பிழையாச் செய்ததுக்கு நாங்கள் ஏன் தம்பி புதிசு வாங்கவேணும்?"

இளைஞரிடம் விடை இருக்கவில்லை. உடனிருந்த எம்மிடமும் இருக்கவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கேள்வி எம்மைத் தொடர்ந்து வந்தது. அந்தக் கணனியின் பெயரோ அதனைச் செய்தவர் பெயரோ இங்கு முக்கியமல்ல. அதேபோன்ற கதை இந்நகரின் எத்தனையோ வீடுகளிலும் கடைகளிலும் சட்டத்தரணி அலுவலகங்களிலும் நடந்துகொண்டுதான் இருக்கின்றது.

விடயம் பகிரங்கமானது 2018 ஜனவரியில். கணனியின் இதயமென நாம் கருதும் நுண்செயலியில், அதாவது விரல்நகம் அளவேயான அந்தச் சிலிக்கன் சில்லில், இரு பெருங்குறைகள் கண்டறியப்பட்டிருப்பதாக அம்மாதம் 3ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. ஒன்றுக்கு மெல்ட்டவுன் எனவும் மற்றதற்கு ஸ்பெக்டர் எனவும் பெயரிட்டார்கள். கூகிள் நிறுவனத்தின் ஆய்வாளர் யான் ஹோர்ன், ஒஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர், குறியீட்டியல் அறிஞர் போல் கோச்சர் முதலானோர் தனித்தனியே வந்தடைந்த கண்டுபிடிப்பு அது. மெல்ட்டவுன் பெரும்பாலும் இன்டெல் நிறுவனத்தின் சில்லுகளைப் பற்றியது. 1995 முதல் அந்நிறுவனம் செய்தவற்றுள், சில வகைகள் நீங்கலாக ஏனையவை எல்லாம் இக்குறைக்கு உட்பட்டிருக்கக்கூடும் என்று கண்டறிந்தோர் எச்சரித்தனர். ஸ்பெக்டரோ இன்டெல், ஏஎம்டி என்ற வேறுபாடின்றி, பிரித்தானியாவின் கேம்பிரிட்ஜில் 1990இல் பிறந்த ஆர்ம் நிறுவனத்தின் வடிவமைப்புகளையும் தொட்டது. எம்மவர் சட்டைப்பைகளில் இருக்கும் கைத்தொலைபேசிகளில் ஏறத்தாழ எல்லாமே ஆர்ம் வடிவமைப்பில் இயங்குபவைதாம்.

இக்குறை எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதைப் பொறியியல் அறியாத வாசகரும் விளங்கிக்கொள்ளலாம். நாம் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த காலத்து நூலகத்தை நினைவுக்குக் கொண்டுவந்து சொல்கின்றோம். அங்கே பூட்டிய அலுமாரி ஒன்றில் இரகசியக் கோவை இருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். மேல்மாடியில் 247 தொகுதிகள் உள்ளன. தமிழ் எழுத்துக்கு ஒன்றாக. வாசகர் ஒருவர் துண்டுச் சீட்டொன்றை நீட்டுகின்றார்: "கோவையின் முதலெழுத்து எதுவோ, அந்த எழுத்துக்குரிய தொகுதியைக் கொண்டுவருக." கோவையைப் பார்க்க அவருக்கு அனுமதி உண்டா என்று நூலகர் பதிவேட்டைப் புரட்டுகின்றார். அவரது உதவியாளரோ மகா சுறுசுறுப்பு. அனுமதி கிடைத்துவிடும் என்ற ஊகத்தில், நூலகர் தலைநிமிர்வதற்குள் அலுமாரியைத் திறந்து எழுத்தைப் பார்த்து, அதற்குரிய தொகுதியையும் மாடியிலிருந்து தூக்கிவந்து மேசையடியில் வைத்துவிடுகின்றார். பின்னர் நூலகர், அனுமதி இல்லை என்று சீட்டைத் திருப்பிக் கொடுக்கின்றார். எல்லாம் முறைப்படி நடந்ததுபோலவே தோன்றுகின்றது. ஆனால் வாசகர் போகவில்லை. அதே 247 தொகுதிகளையும் ஒவ்வொன்றாகக் கேட்கின்றார். 246 தொகுதிகள் மாடியிலிருந்து ஆறுதலாக வருகின்றன. ஒன்று மாத்திரம் கண்ணிமைக்கும் நேரத்தில் மேசையடியிலிருந்து வருகின்றது. கோவையைத் தொடாமலே அதன் முதலெழுத்து அவருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்து இரண்டாம் எழுத்து. கணனியின் நெடுங்கணக்கில் 247க்குப் பதிலாக 256 குறிகள். அதன் உதவியாளர் ஒரு விநாடியில் கோடிக்கணக்கான தடவை மாடிப்படி ஏறி இறங்கக்கூடியவர். வேறுபாடு அவ்வளவே.

ஊகித்து முன்கூட்டியே வேலை செய்யும் இந்தச் சுறுசுறுப்புத்தான் கடந்த முப்பது ஆண்டுகளாகச் சில்லுகளின் வேகத்திற்குக் காரணங்களுள் ஒன்று. விளம்பரங்களில் அடுக்கப்பட்ட வேக இலக்கங்கள் இதன்மேல் நின்றன. மக்கள் விலை கொடுத்தது அந்த இலக்கங்களுக்கு. அலுமாரியின் பூட்டைப் பற்றி எந்த விளம்பரமும் பேசவில்லை.

எப்போது, யாருக்குத் தெரிந்தது என்பதே பொறுப்பைப் பற்றிய எந்த விசாரணையிலும் முதற்கேள்வியாக இருக்கவேண்டும். கூகிள் ஆய்வாளர் இன்டெல், ஏஎம்டி, ஆர்ம் ஆகிய மூன்று நிறுவனங்களுக்கும் 2017 ஜூன் 1ஆம் நாளே அறிவித்துவிட்டார். உலகம் அறிந்தது ஏழு மாதங்களின் பின்னர். திருத்தம் ஆயத்தமாகும் வரை குறையை வெளியிடாதிருப்பது இத்துறையின் வழமை. அதில் நியாயமும் உண்டு. கள்வனுக்குத் திறப்பு இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டுப் பூட்டுக்காரனைத் தேட இயலாது. ஆனால் அந்த ஏழு மாதங்களில் கடை மூடப்படவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். 2017 ஒக்டோபரில் இன்டெல் தனது எட்டாம் தலைமுறை மேசைக்கணனிச் சில்லுகளைக் கோலாகலமாகச் சந்தைக்கு விட்டது. அவற்றிலும் அதே குறை இருந்தது. நவம்பரில் அதன் அன்றைய தலைமை நிறைவேற்று அதிகாரி பிறையன் கிர்சானிச் பெருந்தொகைப் பங்குகளை விற்றார். அது முன்கூட்டியே வகுக்கப்பட்ட திட்டப்படி நடந்ததெனவும் குறைக்கும் அதற்கும் தொடர்பில்லையெனவும் நிறுவனம் கூறிற்று. இருக்கலாம். அமெரிக்க அரசின் கணனிப் பாதுகாப்பு அமைப்புக்குக்கூடச் செய்தி பகிரங்கமாகும்வரை தாம் அறிவிக்கவில்லை என்று 2018 பெப்ரவரியில் கொங்கிரசுக்கு எழுதிய கடிதத்தில் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. தனது சொந்த நாட்டு அரசுக்கே சொல்லாதவர்கள் ஈஸ்ட்ஹாம் கடைக்காரருக்குச் சொல்லியிருப்பார்களா?

குறை வெளிவந்த அன்று அந்நிறுவனம் விடுத்த அறிக்கையும் படித்துப் பார்க்கத்தக்கது. இது பிழையோ குறையோ அல்லவாம். கணனிகள் வடிவமைக்கப்பட்டவாறே இயங்குகின்றனவாம். சாரம் அதுதான். வடிவமைப்பே பூட்டைத் திறந்து வைக்கின்றது என்றால், அது குற்றச்சாட்டுக்குப் பதிலா, குற்றச்சாட்டின் உறுதிப்பாடா என்று மொழி படிப்பித்தவர் எவரும் கேட்பர்.

எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று சொல்லவும் இடமில்லை. 1994ஆம் ஆண்டை நினைவுகூர்வோம். அமெரிக்காவின் லிஞ்ச்பேர்க் கல்லூரியில் கணிதம் படிப்பித்த தோமஸ் நைஸ்லி என்ற பேராசிரியர், தமது பென்டியம் கணனி வகுத்தற்கணக்கில் பிழைவிடுவதைக் கண்டார். எந்தச் சமூக நிலையத்தையும் பாதித்திருக்க முடியாத, தசமப் புள்ளிக்குப் பின்னே வெகு தொலைவில் நிகழும் பிழை. இன்டெல் அதனை ஏற்கனவே அறிந்திருந்தது. துல்லியமான கணிதம் தேவையென்று நிரூபிப்போருக்கு மட்டுமே மாற்றித்தருவோம் என்று முதலில் அடம்பிடித்தது. மக்கள் கொதித்தெழுந்தனர். டிசம்பர் 12ஆம் நாள் ஐபிஎம் நிறுவனம் அச்சில்லு பொருத்திய கணனிகளை அனுப்புவதை நிறுத்தியது. எட்டு நாட்களில் இன்டெல் பணிந்தது: கேட்பவர் எவராயினும், காரணம் கேளாமல், புதிய சில்லு இலவசம். அதற்கென அந்நிறுவனம் ஒதுக்கிய தொகை 475 மில்லியன் டொலர். வகுத்தலில் வந்த ஒரு சிறு பிழைக்கு இவ்வளவும். பூட்டே திறந்து கிடந்த 2018இல் எவருக்கும் ஒரு சில்லுத்தானும் மாற்றிக் கொடுக்கப்படவில்லை.

கொடுக்கப்பட்டவை ஒட்டுகளே. இயங்குதளம் செய்வோர் தமது பங்குக்கு ஓர் ஒட்டு, சில்லுச் செய்வோர் தமது பங்குக்கு ஓர் ஒட்டு. இன்டெல் அவசரமாக அனுப்பிய திருத்தத்தால் கணனிகள் தாமாகவே அணைந்து மீளத்தொடங்குகின்றன என்ற முறைப்பாடு எழுந்து, அதனைப் பரப்பவேண்டாம் என்று 2018 ஜனவரி 22ஆம் நாள் அந்நிறுவனமே கேட்டுக்கொள்ள நேர்ந்தது. ஒட்டுப் போட்ட கணனிகள் வேகம் குறைந்தன. புதியவற்றில் அது பெரிதும் தெரியாது எனவும், 2015 வாக்கிலும் அதற்கு முன்பும் வந்த சில்லுகளோடு பழைய விண்டோஸ் பாவிப்போர் தளர்ச்சியை உணர்வர் எனவும் மைக்ரோசொப்ட் வெளிப்படையாகவே சொன்னது. அடுத்து ஏப்பிரலில், பழைய சில்லுக் குடும்பங்கள் பலவற்றுக்குத் திருத்தம் செய்யும் பணியைக் கைவிட்டுவிட்டதாக இன்டெல் அறிவித்தது. ஆக, புதிது வைத்திருந்தவருக்குக் குறைந்த சேதம். பழையது வைத்திருந்தவருக்குக் கூடிய சேதம். மிகப் பழையது வைத்திருந்தவருக்குத் திருத்தமே இல்லை. எமது சமூகத்தில் யார் கையில் எது இருக்கும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. பிள்ளை பட்டப்படிப்பு முடித்ததும் பெற்றோருக்கு, பெற்றோருக்குப் பிறகு கோவிலுக்கோ தமிழ்ப் பாடசாலைக்கோ என்று கணனி கைமாறிவரும் சமூகம் இது.

2025 ஒக்டோபர் 14ஆம் நாள் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு நின்றபோது இக்கதை இன்னொரு சுற்று வந்தது. அடுத்த பதிப்பு, இன்டெல் சில்லாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையையோ அதற்குப் பிந்தியதையோ கேட்கின்றது. பாதுகாப்பே அதற்குச் சொல்லப்பட்ட முதன்மைக் காரணம். நன்கு இயங்கிக்கொண்டிருந்த கணனிகள் பாதுகாப்பின் பெயரால் குப்பைக்குப் போயின. அக்குப்பைக்கான செலவு, அதைச் செய்தவர் கணக்கில் ஏறவில்லை.

வழக்குகள் போடப்படாமல் இல்லை. 2018 பெப்ரவரியில் இன்டெல் தன் பங்குதாரருக்கு அளித்த அறிக்கையிலேயே 32 கூட்டு வழக்குகள் குறிக்கப்பட்டுள்ளன. வாங்கியோர் தொடுத்தவை அமெரிக்காவின் ஒரிகன் மாநிலச் சமஷ்டி நீதிமன்றத்தில் ஒன்றுசேர்க்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் இழுபட்டன. இறுதியில் தள்ளுபடி; 2023இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிப்படுத்தியது. நிறுவனம் வாங்குவோரை ஏமாற்றியதாகச் சட்டம் எதிர்பார்க்கும் வகையில் வழக்காளிகள் காட்டவில்லை என்பதே முடிவு. இதற்கிடையே 2023இல் ஏஎம்டியின் சில்லுகளில் ஸென்பிளீட், இன்டெலில் டவுன்போல் எனப் புதுப்பெயர்கள் வந்துகொண்டேயிருந்தன. பெயர்சூட்டு விழா ஓயவில்லை, பொறுப்பேற்போர்தான் இல்லை.

"எவரும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது" என்பது நிறுவனங்கள் சார்பில் அடிக்கடி கேட்கும் வாதம். எமக்கு அதில் ஐயம் உண்டு. 1995 மே மாதம் நடந்த கணனிப் பாதுகாப்பு மாநாடொன்றில், இன்டெல்லின் 80x86 வகைச் சில்லுகள் பாதுகாப்பான அமைப்புகளுக்கு எத்தகைய இடர்களை விளைவிக்கும் என்று ஆராய்ந்த கட்டுரையொன்று வாசிக்கப்பட்டது. இடைநினைவகத்தின் நேர வேறுபாட்டைக் கொண்டு இரகசியம் கசியக்கூடும் என்ற எச்சரிக்கை அதில் உண்டு. மேசையடியில் கிடக்கும் தொகுதியைப் பற்றிய எச்சரிக்கைதான் அது. 2005இல் ஒக்ஸ்போர்டில் பயின்ற கொலின் பேர்சிவல், இன்டெல் சில்லில் அதே இடைநினைவகத்தை வேவு பார்த்து இரகசியத் திறப்பைக் களவாட இயலுமென்று செய்துகாட்டினார். ஊகச் செயற்பாட்டோடு அதனை இணைத்த சூட்சுமம் 2017இல் தான் வெளிப்பட்டது என்பது உண்மை. ஆனால் கூரை ஒழுகுகின்றது என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லப்பட்ட வீட்டில், இன்ன மூலையில் தண்ணீர் விழும் என்று எமக்குத் தெரியாதே என வீட்டைக் கட்டியவர் சொல்வதை எவ்வளவு தூரம் ஏற்பது?

இனி, நாம் வாழும் நாட்டின் சட்டத்திற்கு வருவோம். அந்த முதியவரின் கேள்விக்கு விடை தேடியபோது எமக்கு மிகுந்த வியப்பளித்தது இப்பகுதிதான்.

மெல்ட்டவுன் செய்தி வெளியான அதே வாரத்தில், பிரித்தானியாவின் தகவல் ஆணையாளர் அலுவலகம் நிறுவனங்களுக்கு ஓர் அறிவுறுத்தல் விடுத்தது. ஒட்டுகளை உடனே போடுக. அவ்வாண்டு மே மாதம் நடைமுறைக்கு வரும் புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், போட்டிருக்கவேண்டிய ஒட்டைப் போடாத காரணத்தால் தகவல் கசிந்தால், சில சந்தர்ப்பங்களில் நிறுவனமே பொறுப்பாளியாகக்கூடும் என்பது அதன் சாரம். அறிவுரை சரியானதே. பிறர் தகவலை வைத்திருப்பவர் கவனமாக இருக்கவேண்டும். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். பின்னறையில் மூன்று தொண்டர்களோடு இயங்கும் சமூக நிலையம், தான் செய்யாத குறைக்கு ஒட்டுப் போடத் தவறினால் சட்டத்தின் முன் நிற்கலாம். அச்சட்டத்தின் உச்சத் தண்டம் 17.5 மில்லியன் பவுண், அல்லது உலக வருமானத்தின் 4 வீதம், இவற்றில் எது கூடியதோ அது. குறையைச் செய்தவரோ அச்சட்டத்தின் கண்ணுக்கே தென்படார். அவர் எவருடைய தகவலையும் வைத்திருக்கவில்லையே!

அப்படியானால் நுகர்வோர் சட்டம்? 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் தனிமனிதரான வாங்குவோருக்கு விற்றவர் மீது உரிமை தருகின்றது. விற்றவர் மீது, செய்தவர் மீதன்று. அதாவது, ஹரோவிலோ டூட்டிங்கிலோ கணனிக் கடை வைத்திருக்கும் எமது சகோதரர்மீது. அன்பளிப்பாகப் பெற்ற பொருளுக்கோ ஒப்பந்தமே கிடையாது. செய்தவரைப் பிடிக்கவென்று இருப்பது 1987ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அச்சட்டப்படி மரணம், உடற்காயம், அல்லது 275 பவுணுக்கு மேற்பட்ட தனிப்பட்ட சொத்துச் சேதம் நிகழ்ந்திருக்கவேண்டும். குறையுள்ள பொருளின் பெறுமதி குறைந்தமை கணக்கில் எடுக்கப்படாது. இரகசியம் களவுபோவது எந்தச் சொத்துக்குச் சேதம்? நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர், வெடிக்கும் போத்தலையும் தீப்பற்றும் அடுப்பையும் மனத்திற்கொண்டு எழுதிய சட்டம் அது. அன்றைய அறிவியல் அறிவைக் கொண்டு குறையைக் கண்டறிந்திருக்க முடியாது என்று காட்டித் தப்பிக்கச் செய்தவருக்கு ஒரு வாசலும் அதில் உண்டு. பொருள் சந்தைக்கு வந்து பத்தாண்டு கழிந்தால் உரிமையே அற்றுப்போகும். பொருத்தமான சட்டம் ஒன்று 2022இல் வந்ததே என்று நண்பரொருவர் நினைவூட்டினார். உண்மை. இணையத்தோடு இணையும் நுகர்பொருட்களின் பாதுகாப்புக்கான அச்சட்டம் 2024 ஏப்பிரல் 29 முதல் நடைமுறைக்கு வந்தது. எவ்வளவு காலத்திற்குப் பாதுகாப்புத் திருத்தம் தருவோம் என்று விற்கும்போதே சொல்லவேண்டும் என்பது அதன் நல்ல விதிகளுள் ஒன்று. ஆனால் விதிவிலக்குப் பட்டியலைப் பார்த்தால், மேசைக்கணனியும் மடிக்கணனியும் அங்கே இருக்கின்றன. மின்குமிழுக்கும் குழந்தையைக் கண்காணிக்கும் கருவிக்கும் உள்ள காப்பு, வாக்குமூலங்கள் கிடக்கும் மடிக்கணனிக்கு இல்லை.

இயந்திரத்தை நம்பி மனிதரை ஐயுறும் பழக்கம் இந்நாட்டிற்குப் புதிதன்று. தபாலகங்களில் 1999 முதல் புகுத்தப்பட்ட ஹொரைசன் என்ற கணக்கு முறையின் கதையை இங்கு வாழும் ஒவ்வொருவரும் அறிவர். புஜிட்சு நிறுவனம் வழங்கிய அம்முறையின் தவறுகளால் கணக்கில் துண்டு விழ, உப தபாலதிபர்கள் கள்வராக்கப்பட்டனர். 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். தெற்காசியக் குடும்பங்கள் பல அவற்றுள் அடங்கும். அதே காலத்தில்தான், கணனிச் சான்றைக் கொண்டுவருவோர் அது ஒழுங்காக இயங்கியதென்று காட்டவேண்டும் என்ற சட்டப்பிரிவு நீக்கப்பட்டு, மறுப்பு இல்லாதவிடத்துக் கணனி சரியானதென்றே கொள்ளப்படும் நிலை உண்டாயிற்று. அம்முறையில் பிழைகள் இருந்ததை உயர்நீதிமன்றம் 2019 டிசம்பரில் சொன்னது. தண்டனைகளை ஒட்டுமொத்தமாக அழிக்கப் பாராளுமன்றம் 2024இல் தனிச்சட்டமே இயற்றவேண்டியதாயிற்று. இழப்பீட்டில் பங்களிக்கத் தமக்குத் தார்மீகக் கடமை உண்டென்று புஜிட்சுவின் அதிகாரி பாராளுமன்றக் குழுவின் முன் கூறியது 2024 ஜனவரியில். கருவி பொருத்தப்பட்டு ஒரு கால்நூற்றாண்டு கழிந்த பின்னர். ஹொரைசனின் குறை மென்பொருளில் இருந்ததேயன்றிச் சில்லில் அன்று. ஆனால் சுமை யார் முதுகில் ஏறியது என்பதில் இரண்டும் ஒன்றே.

அகதிகளான எமக்கு இதில் தனிப்பட்ட அக்கறை இருக்கின்றது. எமது தலைமுறையினருக்குத் தலையாட்டி என்ற சொல்லை விளக்கவேண்டியதில்லை. சுற்றிவளைப்பு நடக்கும், ஊர் ஆண்கள் வரிசையில் நிறுத்தப்படுவர், சாக்கினால் முகம் மறைத்த ஒருவன் வாகனத்தில் அமர்ந்திருப்பான். அவன் பேசுவதில்லை. அவன் தலை ஒருதடவை மேலும் கீழும் அசைந்தால், ஒரு வீட்டில் அன்றிரவு உலை வைக்கப்படுவதில்லை. பெயர்ப்பட்டியல் ஒன்று தவறான கைக்குப் போவதன் பொருள் எமக்கு அப்படித்தான் தெரியும். புலம்பெயர்ந்து வந்தும் பத்திரிகைத் தொழிலை விடாத எம்போன்றோரிடம், ஊரிலிருந்து செய்தி சொன்னவர்களின் பெயர்கள் இருக்கின்றன. அவற்றைத் தாளில் எழுதினால் அடுப்பில் போடலாம். கணனியில் இருந்தால், கணனியின் பூட்டை நம்பவேண்டும். மெல்ட்டவுன் வழியே எவரேனும் புகுந்து போயிருந்தால் வழமையான பதிவேடுகளில் தடயம் இராது என்று அதனைக் கண்டறிந்தவர்களே சொன்னார்கள். இக்குறையால் பெருங்களவு நடந்ததாக உறுதியான சான்று பகிரங்கமாகவில்லை என்று நிறுவனங்கள் ஆறுதல் சொல்கின்றன. சாக்குக்குள் இருந்த முகத்தையும் நாம் கண்டதில்லை.

இப்போது எமது இருப்புரிமையே கண்ணுக்குத் தெரியாத ஒன்றாகிவிட்டது. உள்துறை அமைச்சு வழங்கிவந்த வதிவிட அட்டைகளுள் பெரும்பாலானவை 2024 டிசம்பர் 31உடன் காலாவதியாகி, அவற்றின் இடத்தில் இலத்திரனியல் விசா வந்துவிட்டது. வேலை தருபவரும் வீடு வாடகைக்குத் தருபவரும் திரையில் பார்த்தே எம்மை யாரென்று ஏற்றுக்கொள்கின்றனர். கையில் அட்டை இருந்த காலத்தில் அதைத் தொலைத்தால் பொறுப்பு எம்முடையது; அது நியாயம். திரைக்குப் பின்னால், எந்த நகரத்திலோ இருக்கும் சேவையகச் சில்லொன்றின் ஓட்டைக்கு யார் பொறுப்பு? ஒரே சேவையகத்தைப் பல வாடிக்கையாளர் பங்கிட்டுக்கொள்ளும் இக்காலத்தில், மெல்ட்டவுனும் ஸ்பெக்டரும் அதிகம் அச்சுறுத்தியது அந்த இடங்களைத்தான்.

நிறுவனங்களின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடவேண்டும். ஒரு சில்லில் கோடிக்கணக்கான, இன்று ஆயிரம் கோடியையும் தாண்டிய, திரான்சிஸ்டர்கள் உள்ளன. குறையே இல்லாத சில்லை எவரும் செய்யமுடியாது. ஒவ்வொரு குறைக்கும் உலகெங்கும் சில்லு மாற்றவேண்டுமெனில் தொழிலே முடங்கும். ஈற்றில் விலை எம் தலையிலேயே விழும். குறையைத் தேடித் தருபவர்களுக்கு இன்டெல் பணப்பரிசு வழங்குகின்றது. 2018இன் பிற்பகுதியிலிருந்து வந்த சில்லுகளில் சில திருத்தங்கள் வன்பொருளிலேயே செய்யப்பட்டன. இவையெல்லாம் உண்மையே. பொறுப்பு என்று நாம் கேட்பது குறையின்மையை அல்ல. தெரிந்த நாளுக்கும் சொன்ன நாளுக்கும் இடையில் விற்றதற்குக் கணக்கு. ஒட்டினால் இழந்த வேகத்திற்கு ஏதோவொரு ஈடு. இத்தனை ஆண்டு திருத்தம் தருவோம் என்று பெட்டியின் மேலேயே எழுதிய வாக்குறுதி. கார் செய்பவர் தடுப்பில் குறை கண்டால் வண்டிகளைத் திருப்பி அழைக்கின்றார். குறையில்லாத கார் செய்யமுடியாது என்பதை எவரும் அதற்கு மறுமொழியாகச் சொல்வதில்லை.

கடல்கடந்த அயலவர்கள் ஓரடி முன்னே வைத்துவிட்டார்கள் என்பதையும் இங்கு குறிப்பிடவேண்டும். பிரித்தானியாவின் 1987 சட்டம், 1985இல் ஐரோப்பிய சமூகம் பிறப்பித்த பணிப்புரையிலிருந்து பிறந்தது. அந்தப் பணிப்புரையை ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் புதிதாக எழுதிற்று. மென்பொருளும் பொருளே; தனிமனிதரின் தரவு அழிவதும் கெடுவதும் சேதமே; பாதுகாப்புத் திருத்தம் தரத் தவறியதும் செய்தவரின் பொறுப்பே என்று அது சொல்கின்றது. 2026 டிசம்பர் 9க்குப் பின்னர் சந்தைக்கு வரும் பொருட்களுக்கு அது உரியது. தரவு களவுபோவதை அதுவும் முழுமையாகத் தொடவில்லை. என்றாலும் வாசல் திறந்துவிட்டது. பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு வந்துவிட்டதால் அந்த வாசல் எமக்கில்லை. பாரிஸ் லாச்சப்பலில் கணனி வாங்கும் தம்பிக்கு வரும் உரிமை, அதே கணனியை இலண்டன் ஈஸ்ட்ஹாமில் வாங்கும் அண்ணனுக்கு இல்லை. தொலைபேசியில் இருவரும் விலையை ஒப்பிட்டுப் பார்ப்பதுண்டு. இதையும் ஒருமுறை ஒப்பிடட்டும்.

இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் சட்ட ஆணைக்குழு, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் இப்பகுதியை மீளாய்வு செய்யப்போவதாக 2025இல் அறிவித்தது. இவ்வாறான மீளாய்வுகளில் ஆணைக்குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்பது வழக்கம். நிறுவனங்களின் சட்டத்தரணிகள் கட்டுக்கட்டாக எழுதுவர். சமூக நிலையங்களிலிருந்தும் தமிழ்ப் பாடசாலைகளிலிருந்தும் எமது கணனிக் கடைக்காரர்களிடமிருந்தும் எத்தனை கடிதங்கள் போகும்? விசாவுக்கும் வீட்டுக்கும் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினரைத் தேடிப்போகும் நாம், இதற்காக ஒருமுறையேனும் போயிருக்கின்றோமா? தொழில்நுட்பம் எமக்கு விளங்காத விடயம் என்று ஒதுங்கிக்கொள்வது எம்மிடையே படித்தவர்களின் பழக்கமாகவும் உள்ளது. விரிவுரையாளராக இருந்த நாமும் அதற்கு விலக்கல்லோம். அந்த முதியவர் கேட்கும்வரை நாமும் கேட்கவில்லை.

அவர் கேட்டதைத் தமிழிலேயே எழுதி, அருகே ஆங்கிலத்திலும் எழுதி, கையொப்பத்திற்காக நிலையத்தின் வாசலில் வைத்திருக்கின்றார்கள். கணக்கெழுதிய கையின் எழுத்து, மணிமணியாக இருக்கின்றது. பழைய மடிக்கணனியிலிருந்து இணையக் கம்பியைக் கழற்றிவிட்டு, வாக்குமூலங்களைத் தாளில் அச்செடுத்து இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கின்றார். திறப்பு அவரது இடுப்பில் தொங்குகின்றது.